இட்லிப் பானையில் சீனத்து விலாக்கறி

பெங்களூருவில் சீனச் சாப்பாடு என்றால் நம்மவர் பலருக்கும் நினைவுக்கு வருவது தெருமுனைத் தள்ளுவண்டியும், அதில் சிவக்கச் சிவக்கப் புரட்டி எடுக்கும் கோபி மஞ்சூரியனும்தான். அந்தச் சிவப்புக்காகச் சேர்த்த செயற்கைச் சாயத்தை 2024 மார்ச் மாதம் கர்நாடக அரசு தடை செய்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மஞ்சூரியன் என்ற பதார்த்தம் மஞ்சூரியாவில் பிறந்ததே அல்ல. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்த நெல்சன் வாங் என்ற சமையல்காரர் 1970-களில் கோழியை வைத்துச் செய்து காட்டியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. சீனாவில் போய் மஞ்சூரியன் கேட்டால் விழிப்பார்கள்.

சீனர்கள் தங்கள் வீட்டில் செய்வது வேறு. எண்ணெய் ஒரு கரண்டி. மிளகாய்ப் பொடி கிடையாது, தாளிப்பு கிடையாது. கறியை ஊறவைத்து, தட்டில் பரப்பி, ஆவியில் வைத்து இறக்க வேண்டியதுதான். நாம் இட்லிக்குச் செய்யும் அதே வேலை. அப்படிச் செய்கிற பன்றி விலாக்கறியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். பன்றிக்கறி உண்ணாத வாசகர்கள் தாராளமாக அடுத்த செய்திக்குப் போகலாம். ஆனால் நடுவில் நாடாப்புழுவைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அதை மட்டும் எல்லோரும் படிக்க வேண்டுகிறேன். சைவர்களும்தான்.

தங்கவயல் ரயிலில்...

2001-ம் ஆண்டு கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள தமிழர்களில் ஏராளமானோர் பிழைப்புக்கு நம்பியிருப்பது மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருவுக்கு வரும் ரயிலைத்தான். விடியுமுன் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக வைட்ஃபீல்ட், கிருஷ்ணராஜபுரம், தண்டு ஸ்டேஷன் என்று ஆங்காங்கே இறங்கி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள். ரயில்வேயில் இருப்பதால் இவர்களில் பலர் எனக்கு முகப்பழக்கம். சீசன் டிக்கெட் வாங்கும்போது சம்பளப் பேச்சும் வரும், சாப்பாட்டுப் பேச்சும் வரும்.

அப்படிப் பழக்கமான ஒருவர் சாம்பியன் ரீஃப்காரர். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். மகன் வைட்ஃபீல்டில் ஓர் ஓட்டலில் சீன அடுப்படியில் உதவியாளராகச் சேர்ந்து, இன்று ஆவிப் பலகாரங்கள் எல்லாவற்றையும் அவரே பார்த்துக் கொள்கிறார். அவர்தான் ஒரு நாள் சொன்னார்: "சார், ஓட்டல்ல இதை மூங்கில் கூடையில வைக்கிறோம். எங்க வீட்டுல இட்லிப் பானைதான். ஆவிக்குக் கூடைன்னு தெரியுமா, பானைன்னு தெரியுமா?"

கேட்டது நியாயம்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபடி என் வீட்டிலும் செய்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

வைட்ஃபீல்டும் பன்றிக்கறியும்

வைட்ஃபீல்டுக்குப் பன்றிக்கறி புதிதல்ல. இன்று இந்தப் பேரைக் கேட்டால் கம்ப்யூட்டர் கம்பெனிகளும், 2023 முதல் ஓடும் மெட்ரோ ரயிலும், அதற்குக் கீழே நகராமல் நிற்கும் பஸ்களும்தான் ஞாபகம் வரும். ஆனால் ஊரின் பூர்வீகம் ஆங்கிலோ இந்தியர் குடியிருப்பு. டி.எஸ். ஒயிட் என்பவர் தொடங்கிய யூரேஷியன் மற்றும் ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் 1882-ல் 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். உத்தியோகம் கிடைக்காமல் அல்லாடிய தம் ஜனங்கள் விவசாயம் செய்து வாழட்டும் என்பது ஒயிட்டின் யோசனை. ஊரை வட்டம் வட்டமாக அமைத்தார்கள்; இன்னர் சர்க்கிள் என்ற பெயர் இன்றைக்கும் நிற்கிறது. அவர்கள் கொல்லையில் கோழியும் இருந்தது, பன்றியும் இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் பன்றி விண்டாலு இல்லாத ஆங்கிலோ இந்தியர் வீடு அபூர்வம். போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த வினிகரும் பூண்டும் சேர்த்த கறிதான் அப்படி விண்டாலு ஆனது.

மேற்கே குடகில் 'பந்தி கறி'. கரிய கச்சம்புளி விட்டு, மிளகு வறுத்துப் போட்டு, கடம்புட்டு என்ற ஆவியில் வேகவைத்த அரிசி உருண்டையோடு சாப்பிடுவார்கள். தங்கவயல் தமிழ்க் குடும்பங்களில் மிளகும் பூண்டும் தூக்கலாக அரைத்துவிட்ட வறுவல். ஆக விண்டாலு, பந்தி கறி, வறுவல் மூன்றுமே மசாலாவை நம்பியவை. பன்றிக்கறிக்கு ஒரு வாடை உண்டு, அதை மசாலாவால் அடக்க வேண்டும் என்பது நம் பக்கத்துச் சமையலின் தீர்மானம். சீனர்கள் அந்த வாடையைத் தண்ணீரால் போக்குகிறார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

தமிழருக்கும் சீனருக்கும் சமையல் உறவு இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மலேசியா, சிங்கப்பூர் போய் வந்தவர்களைக் கேட்டால் 'டிம்சம்' கடைகளில் சிறு கிண்ணத்தில் வரும் இந்த விலாக்கறியைப் பற்றிச் சொல்வார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையில் சீன–தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. மலாயாப் பக்கத்திலிருந்து சென்னைச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை, கொயினா மருந்துக்கான சிங்கோனா தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். விடுதலையானதும் அங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துக் கௌரவமாக வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் இவர்களைக் குறிப்பிட்டிருக்கிறார்.

கறுப்புப் பயறு

இந்தக் கறியின் உயிர் 'டௌச்சி' என்ற உப்பிட்ட கறுப்புப் பயறில் இருக்கிறது. பயறு என்று சொன்னாலும் சோயா மொச்சைதான். வேகவைத்து, பூஞ்சணம் பிடிக்கவிட்டு, உப்புப் போட்டு மாதக்கணக்கில் வைத்துக் காயவைத்தது. பார்க்க எலிப்புழுக்கை மாதிரி இருக்கும்; சொன்னதற்கு மன்னிக்கவும், வேறு உவமை கிடைக்கவில்லை. வாயில் ஒன்றைப் போட்டால் முதலில் உப்பு, பிறகு நன்றாக ஊறிய கருவாட்டை நினைவூட்டும் ஆழமான ருசி. சோயா சாஸுக்கும் மூத்தது இது. சீனாவில் ஹூனான் மாகாணத்து மாவாங்டுயி என்ற இடத்தில் 1972-ல் ஒரு பிரபுகுலப் பெண்மணியின் கல்லறையைத் தோண்டியபோது, கூட வைத்திருந்த உணவு ஜாடிகளில் இந்தப் பயறும் கிடைத்தது. கல்லறை கிறிஸ்து பிறப்பதற்கு 160 ஆண்டுகளுக்கு முந்தையது.

வைட்ஃபீல்டில் பெரிய பலசரக்குக் கடைகளில் பாக்கெட்டிலோ பாட்டிலிலோ கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. இங்கே ஓட்டல், சலூன், காவல் வேலைகளில் வடகிழக்கு மாநிலத்தவர் நிறையப் பேர். 2012 ஆகஸ்டில் வதந்தியைக் கேட்டுப் பயந்து, ஆயிரக்கணக்கில் குவஹாத்திக்கு ஸ்பெஷல் ரயில் ஏறிய அதே ஜனங்கள்தான். பலர் திரும்பி வந்தார்கள், பிறகு புதிதாகவும் வந்தார்கள். அவர்களுக்கென்று இருக்கும் கடைகளில் நாகாலாந்தின் 'அகுனி' விற்கிறார்கள். அதுவும் புளிக்கவைத்த சோயாதான். நாகர்கள் அதைப் பன்றிக்கறியோடுதான் முக்கியமாகச் சேர்க்கிறார்கள். மணம் பல மடங்கு தூக்கல். டௌச்சியில் பாதி அளவு போட்டால் போதும். ஆனால் கிடைப்பது வேறு கறி, சீனக் கறி அல்ல. முதல் தடவை செய்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சைவரும் படிக்க வேண்டியது

சாம்பியன் ரீஃப் நண்பர் வீட்டில் ஆறு வருஷம் பன்றிக்கறி நுழையவில்லை. காரணம், அவருடைய அக்காள் மகனுக்கு ஒன்பதாவது வயதில் வலிப்பு வந்தது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் மூளையில் நாடாப்புழுவின் கட்டி. "பன்னிக்கறிதான் என் பேரனைக் கெடுத்துச்சு" என்று பாட்டி அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டார். பையன் சிகிச்சை பெற்றுக் குணமாகிப் பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் அந்தப் பையன் பிறந்தது முதல் பன்றிக்கறியைத் தொட்டதே இல்லை என்பதுதான் விஷயம். அவனுக்குப் பிடிக்காது.

பின் எப்படி வந்தது? மருத்துவர்கள் சொல்வதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். இந்தப் புழுவுக்கு இரண்டு வழி. மனிதக் கழிவைத் தின்னும் பன்றியின் தசையில் புழுவின் சிறு பைகள் தங்கும். அந்தக் கறியை அரைவேக்காட்டில் தின்றால், புழு நம் குடலில் வளர்ந்து 2 முதல் 7 மீட்டர் நீளம்வரை போகும். இது ஒரு வழி. இதனால் நேராக வலிப்பு வருவதில்லை. குடலில் புழு உள்ளவரின் கழிவில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை கழுவாத கையாலோ, சாக்கடை நீர் பாய்ந்த கீரையாலோ, அசுத்தத் தண்ணீராலோ இன்னொருவர் வாய்க்குள் போனால், குஞ்சு ரத்தத்தில் கலந்து மூளைவரை ஏறி உட்கார்ந்துவிடும். வலிப்பு இந்த இரண்டாவது வழியில் வருவது. இதற்குப் பன்றிக்கறி தின்றிருக்க வேண்டியதே இல்லை.

நியூயார்க்கில் மத வழக்கப்படி பன்றியைத் தொடவே தொடாத யூதர் குடும்பங்களில் இந்த நோய் வந்தது. வீட்டு வேலைக்கு வந்தவர்களின் குடலில் இருந்த புழுவே காரணமாக இருக்க வேண்டும் என்று கண்டு, மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்டார்கள். நம் பக்கத்துச் செய்தியும் உண்டு. இந்தியாவில் வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் ஒற்றையாகத் தெரியும் சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்று எண்ணி, அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இந்தப் புழுவின் கட்டிகளே என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1989-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதிய பிறகுதான் பார்வை மாறியது. பன்றிகள் தெருவில் திரியும் பகுதிகள் பலவற்றில் வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 30 பேருக்கு இந்தப் புழுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குழந்தைக்கு வலிப்பு வந்தால் மந்திரிக்க அலைய வேண்டாம். டாக்டரிடம் போக வேண்டும். இன்னொன்று, புழு மாத்திரைதானே என்று கடையில் வாங்கித் தாமாகக் கொடுக்கக் கூடாது. மூளையில் இருக்கும் புழு ஒரேயடியாகச் செத்தால் மூளை வீங்கிவிடும் என்பதால் அதைக் கவனித்துத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

இதையெல்லாம் பாட்டிக்குப் புரியவைக்க நண்பருக்கு ஒரு வருஷம் பிடித்தது. இப்போது அடுப்படிக் கதவு திறந்திருக்கிறது. பாட்டி மட்டும் சாப்பிடுவதில்லை.

கறி வாங்குவது

ஆகவே கறி எங்கிருந்து வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றிக்கும், சாக்கடையோரம் மேய்ந்த பன்றிக்கும் உள்ள வித்தியாசம் வெறும் நிறமல்ல. மனிதக் கழிவை நெருங்காத பன்றிக்கு இந்தப் புழு வராது. சென்னைக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் வெண்பன்றி வளர்ப்பைக் கற்றுக்கொடுப்பதுகூட இந்தச் சுத்தமான முறையில்தான். கடைக்காரரிடம் பண்ணை எது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வெட்டிய கறியில் அரிசி மணி முதல் பட்டாணி அளவுவரை வெள்ளை வெள்ளையாகப் பைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

விலா எலும்பில் சதையும் கொழுப்பும் கலந்திருக்கும் துண்டாகக் கேட்க வேண்டும். வெறும் சதை ஆவியில் வறண்டு போகும். கடையிலேயே ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டு அரிவாள்மனையில் விலா எலும்பை வெட்டப் போய் விரலை வெட்டிக்கொள்ள வேண்டாம்.

செய்முறை

அரைக் கிலோ கறிக்குக் கணக்கு சொல்கிறேன். துண்டுகளை முதலில் நன்றாகக் கழுவி எலும்புச் சிராய் போக்கி, குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவிட வேண்டும். தண்ணீர் சிவந்தால் கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். கடைசித் தண்ணீர் ஏறக்குறைய தெளிவாக இருக்க வேண்டும். வாடை போவது இந்த இடத்தில்தான். இதில் அவசரப்பட்டால் பிறகு இஞ்சி கொட்டிப் பிரயோஜனமில்லை. அப்புறம் வடிகட்டி, சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். ஈரம் நின்றால் மசாலா பிடிக்காது.

இப்போது கால் தேக்கரண்டி ஆப்ப சோடா. ஆச்சரியப்பட வேண்டாம், ஓட்டலில் கறி வழுவழுப்பாகவும் கடிக்க இதமாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான். சோடாவின் காரம் பட்டால் தசையின் புரதங்கள் வேகும்போது ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதில்லை. சாறு உள்ளே தங்குகிறது. அளவு மீறினால் சோப்பு ருசி வந்துவிடும். சோடாவும் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் போட்டுக் கையால் பிசறி, கால் மணி நேரம் வைக்கவும்.

டௌச்சி ஒரு மேசைக்கரண்டி எடுத்து, ஒரு தடவை தண்ணீரில் அலசி (இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும்) ஒன்றிரண்டாக நறுக்க வேண்டும். நாலு பல் பூண்டு, ஒரு சிறு துண்டு இஞ்சி பொடியாக நறுக்கியது. ஒரு ஸ்பூன் எண்ணெயில் பூண்டையும் பயறையும் மணம் வரும்வரை வதக்கி ஆறவைத்துச் சேர்ப்பது நண்பரின் வழக்கம். சோயா சாஸ் இரண்டு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் கால் தேக்கரண்டி. சீனர்கள் அரிசி மதுவும் ஒரு கரண்டி விடுவார்கள், இல்லாவிட்டால் கெட்டுப்போகாது. எல்லாம் கலந்த பிறகு, கார்ன்ஃப்ளோர் என்று கடையில் கொடுக்கும் வெள்ளைச் சோளமாவு ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பிசற வேண்டும். கடைசியில்தான் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி. முதலிலேயே எண்ணெய் விட்டால் அது கறியைச் சுற்றி மூடிக்கொண்டு உப்பையும் சாஸையும் உள்ளே விடாது. இப்படியே ஒரு மணி நேரம் ஊறட்டும். இரவு செய்து பிரிட்ஜில் வைத்தால் மேலும் நல்லது.

அடியில் பரப்ப ஏதாவது வேண்டும். சீனர்கள் பெரும்பாலும் வைப்பது நம் சேப்பங்கிழங்கு வகைதான்! அல்லது பரங்கிக்காய். சொட்டும் சாற்றையெல்லாம் அது குடித்துக்கொள்ளும். சேப்பங்கிழங்கானால் முன்னாலேயே முக்கால் பதம் வேகவைத்துத் தோலுரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தொண்டை அரிக்கும். பரங்கிக்காயைப் பச்சையாகவே துண்டு போடலாம்.

விளிம்புள்ள எவர்சில்வர் தட்டில் கிழங்கைப் பரப்பி, அதன்மேல் கறியை ஒரே அடுக்காக வைக்க வேண்டும். குவித்தால் நடுவில் வேகாது. வேகாத பன்றிக்கறி என்ன செய்யும் என்று மேலே எழுதியாகிவிட்டது. இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே தட்டை உள்ளே வைப்பது. மூடிக்கு ஒரு மெல்லிய துணி கட்டிவிட்டால் ஆவித் தண்ணீர் கறிமேல் சொட்டாது. தட்டைச் சுற்றி ஆவி ஏற இடம் இருக்க வேண்டும்.

நேரம்? சீனத்துச் சமையல் புத்தகங்கள் சிறு துண்டுகளுக்கு 15 நிமிஷம் என்று போடுகின்றன. அது கடலோர ஊர்க் கணக்கு. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஆவியும் அந்த அளவுக்குச் சூடு குறைவு. அதனால் 25 நிமிஷம் குறையாமல் வையுங்கள். பெரிய துண்டைப் பிளந்து பார்த்தால் எலும்பை ஒட்டிச் சிவப்புச் சாறு வரக்கூடாது. வந்தால் இன்னும் 5 நிமிஷம். பிரஷர் குக்கரில் வெயிட் போட்டு வைத்தால் சதை எலும்பைவிட்டுக் கழன்று குழம்புக் கறி மாதிரி ஆகிவிடும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது. ஆனால் பல்லில் லேசாக நின்று, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் பதம் என்கிறார் நண்பர். வெயிட் போடாமல் குக்கரைப் பாத்திரமாக மட்டும் உபயோகிக்கலாம்.

இறக்கியதும் வெங்காயத் தாளும், வேண்டுமானால் நறுக்கிய சிவப்பு மிளகாயும் தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும். தட்டில் தேங்கிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். வெறும் சோற்றில் அதைப் பிசைந்து சாப்பிட்ட என் வீட்டுப் பிள்ளைகள் கறியை இரண்டாம் பட்சமாக்கிவிட்டார்கள். காரம் இல்லாமல் நமக்கு இறங்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்தில் கொஞ்சம் ஊறுகாய் வைத்துக்கொள்ளட்டும். சீனர் யாரும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

ஒரு யோசனை. ஒரு பன்றிக்கு விலா இரண்டு பக்கம்தான். வைட்ஃபீல்ட், காடுகோடிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டல்காரர்கள் முந்திக்கொள்கிறார்கள். முதல்நாளே சொல்லிவைத்து, எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குமேல் போனால் தொடைக்கறிதான் இருக்கும்; அது வறுவலுக்கு ஆகும்.